ரீப்பரில் ட்ராக்குக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் இப்போது ரெக்கார்டிங்

வீட்டில் மிருதங்கம் ரெக்கார்டு செய்ய ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது முகம்) ஒரு மைக், மென்பொருள் ரீப்பர். மைக் வைக்கும் இடம் ஓரளவு பிடிபட்டுவிட்டது, ஃபைல் பெயர்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

ட்ராக்குக்குப் பெயர் வைக்காமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கினால் 01, 02 என்ற ட்ராக் எண்ணும் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் வேவ் ஃபைல் உருவாகும். அப்புறம் ட்ராக்குக்குத் ‘தொப்பி’ என்று பெயர் வைத்தாலும் அந்த ஃபைலின் பெயர் மாறாது. இப்படி நாற்பது ஃபைல் சேர்ந்ததும், சரி, நாமே மாற்றிவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். மறுநாள் ப்ராஜெக்டைத் திறந்தால் ஒரு ஃபைலையும் காணவில்லை என்கிறது. நெஞ்சு படபடத்துவிட்டது.

ரீப்பர் ப்ராஜெக்டைச் சேமிக்கும் ஆர்பிபி ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்தேன். முழுக்க எழுத்துதான், ஒலி துளியும் இல்லை. எந்த வேவ் ஃபைல், அதில் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு நீளம் என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. தனியாவர்த்தனத்தை இருபது துண்டாக வெட்டியும் ஃபோல்டரில் ஏன் ஒரே ஃபைல் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது (துண்டுகளை ஒன்றாக இணைத்து ‘க்ளூ’ செய்தால் மட்டும் ‘க்ளூட்’ என்ற ஒட்டுடன் புது ஃபைல் வரும்). நோட்பேடிலேயே பழைய பெயர்களைத் தேடி, புதுப் பெயர்களைப் போட்டுச் சேமித்தேன். நாற்பதும் திரும்பி வந்தன, அந்த சந்தோஷத்தில் அன்று இரவு வெகுநேரம் வாசித்தேன்.

இப்போது முதலில் ப்ராஜெக்டைத் தனி ஃபோல்டரில் சேமிக்கிறேன், பிறகு ‘வலந்தலை-மிச்ரசாபு’ என்பதுபோல (எந்த முகம், எந்தத் தாளம் என்று) ட்ராக்குக்குப் பெயர், அதன்பின்தான் ரெக்கார்டு. நிறுத்தியதும் வரும் சின்னப் பெட்டியிலேயே சொதப்பிய டேக்கை அழித்துவிடுகிறேன், ஏனென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக்குக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி, இரண்டு மைக்கில் ஒரு மணி நேரம் வாசித்தால் 1 ஜிபியைத் தாண்டிவிடும்.

பயன்படாத ஃபைல்களைக் களைய ஃபைல் மெனுவில் ஒரு வசதி உண்டு. ஒரே ஃபோல்டரில் இரண்டு ஆர்பிபி வைத்திருப்பவர்கள் மட்டும் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு அழியுங்கள், இந்த ப்ராஜெக்டுக்கு வேண்டாத ஃபைலை இன்னொரு ப்ராஜெக்ட் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.