கோசோங் காட்டிக் கொடுத்தது

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் வாசகி அக்கா ஒருவர் ஒரு சனிக்கிழமை இரவு செய்தி அனுப்பியிருந்தார்: "ஏம்மா, உன் கதைய வேற யாரோ பேர்ல விக்கிறாங்களே, தெரியுமா?" கூடவே ஒரு சுட்டி. திறந்தால், ஒரு மின்னூல் கடையில் என் தொடர்கதை. பதினான்கு அத்தியாயமும் இருந்தது. தலைப்பு, அட்டைப்படம், எழுதியவர் பெயர் எல்லாம் வேறு.

வேலை முடிந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதி, என் வலைத்தளத்தில் இலவசமாகப் போட்ட கதை அது. காசு எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெயரை எடுத்துவிட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை.

வாங்கிப் படித்தேன். கதை நடக்கும் இடத்தைத் தேக்காவிலிருந்து சென்னை அண்ணா நகருக்கு மாற்றியிருந்தார்கள். கதாநாயகிக்கும் புதுப்பெயர். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய அப்பா, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் 'கோப்பி ஓ கோசோங்' கேட்கிறார். பாலும் சீனியும் போடாத கோப்பிக்கு நாம் இங்கே சொல்கிற பெயர். மாற்றியவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது, அப்படியே விட்டுவிட்டார். என் அப்பா தினமும் காலையில் கேட்ட கோப்பி அது. அந்த வரியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அன்றிரவே கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். முழுக்க ஆதங்கம். பதினொரு நாளாகியும் பதில் இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தால், எந்தப் பக்கம், என் மூலக்கதை எங்கே இருக்கிறது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. எழுதி வைத்தாலே அது எழுதியவருடையது; அவர் ஆயுளுக்கும் அதற்குப்பின் 70 ஆண்டுகளுக்கும். 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால் படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அதைப் படித்தபோது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

ஆனால் அந்தக் கடை அமெரிக்க நிறுவனத்துடையது. அங்கே 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக்கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்புமுன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பக்கமே காணாமல் போகலாம். என் பக்கங்களையும் அந்தக் கடைப்பக்கத்தையும் இணையப் பக்கங்களை அப்படியே காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேதியோடு சேமித்தேன். கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. அதனால் இரண்டு பத்தி போட்டு, இடதுபக்கம் என் வரி, வலதுபக்கம் அவர்கள் வரி என்று நாற்பது வரிகளை அடுக்கினேன். முதல் வரி கோசோங்.

கோரிக்கையில் இரண்டு பக்கங்களின் முழு முகவரி, என் தொடர்பு விவரம், அனுமதியில்லாமல் போடப்பட்டது என்று உண்மையாகவே நம்புகிறேன் என்ற வாசகம், உரிமையாளர் நானே என்ற உறுதிமொழி, கையொப்பம் எல்லாம் வேண்டும். உறுதிமொழி பொய்யானால் தண்டனை உண்டு. அனுப்பியவர் விவரம் எதிராளிக்கும் போகலாம் என்பதால் கொஞ்சம் தயங்கினேன். இதற்கென்றே தனி மின்னஞ்சல் தொடங்கி அனுப்பினேன்.

நான்காம் நாள் புத்தகம் நீக்கப்பட்டது. எதிராளி மறுப்பு அனுப்பி, நாம் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் கடை அதைத் திரும்ப ஏற்றிவிடலாம். அந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. யாரும் மறுக்கவில்லை.

அதே கதையின் பிடிஎஃப் இரண்டு அரட்டைக் குழுக்களில் சுற்றியது. ஒரு குழுவை நடத்தும் அண்ணன், "எழுதினது நீங்கதானாம்மா? தெரியாமப் போட்டுட்டோம்" என்று உடனே எடுத்துவிட்டு, என் தளத்தின் சுட்டியைப் போட்டார். இன்னொரு குழுவில் கேட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள். அந்தக் கோப்பு இன்னும் அங்கே இருக்கிறது.

பிறகு கதையை அச்சில் கொண்டுவந்தேன். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு இங்கே தேசிய நூலக வாரியம் கட்டணம் வாங்குவதில்லை. அச்சானதும் இரண்டு பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் என் பெயருக்குக் கீழே அப்பா பெயரையும் போட்டிருக்கிறேன்.