சுருங்கச் சொல்லியும் சுருங்காத பெட்டி

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்கோ ஏற்காட்டு விடுதிக்கோ தமிழில் வெப் பேஜ் போடும்போது, ஃபோனில் அடிக்கடி உடைகிற இடம் ஒன்று உண்டு: இடப்பக்கம் படம், வலப்பக்கம் பெரிய எழுத்தில் தலைப்பு. இரண்டையும் வரிசையாக அடுக்குவது ஃபிளெக்ஸ்பாக்ஸ்; பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரு முறை அது. திரை 360 பிக்சல், படம் 120 (சுருங்காது), இடைவெளி 12. மீதி 228. தலைப்பில் ‘கன்னங்குறிச்சியிலிருந்து’ என்ற ஒரே சொல் 270 பிக்சல் பிடித்தால், பக்கம் 42 பிக்சல் வெளியே பிதுங்கும். தலைப்புக்கு ஃபிளெக்ஸ்-ஷ்ரிங்க் 1 (இடம் போதாவிட்டால் சுருங்கு என்ற கட்டளை) இருந்தும்தான்.

ஷ்ரிங்க் பகுதியை மட்டும் படித்தால் இதற்குக் காரணம் தெரியாது. ஃபிளெக்ஸ்பாக்ஸ் ஸ்பெக்கின் (அதிகாரபூர்வ விதித்தொகுப்பின்) 4.5-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஃபிளெக்ஸ் உருப்படிக்கு (அடுக்கப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும்) மின்-விட்த், அதாவது குறைந்தபட்ச அகலம், ஆட்டோ (நாம் எதுவும் எழுதாதபோது இருப்பது) என்றால் பூஜ்யம் ஆகாது. உள்ளே இருக்கும் உடையாத மிக நீளமான சொல்லின் அகலம்தான் தரை. அதற்குக் கீழே ஷ்ரிங்க் போகாது.

அந்தப் பிரிவில் பலர் தாண்டிப் போகிற வரி ஒன்று இருக்கிறது. விட்த் (அகலம்) கொடுத்திருந்தால், அதுவும் சொல்லின் அகலமும் ஒப்பிடப்பட்டு, சிறியது தரையாகும். விட்த் 220 என்றால் தரை 220. ஆனால் ஃபிளெக்ஸ்-பேசிஸ் (சுருங்கும் முன் பெட்டிக்கு இருக்கும் தொடக்க அளவு) 220 என்று எழுதினால் அது இந்தக் கணக்கில் சேராது. பெட்டி 270-க்கே நிற்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மின்-விட்த் 0 போட்டால் பெட்டி 228-க்கு வரும்; சொல் மட்டும் பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டே இருக்கும். கூடவே ஓவர்ஃப்ளோ-ராப் (இடம் போதாத நீளச் சொல்லை உடைக்கும் கட்டளை) வேண்டும். அதற்குக் கொடுக்கும் பிரேக்-வேர்ட், எனிவேர் என்ற மதிப்புகள் இரண்டும் சொல்லை ஒரே மாதிரி உடைக்கும். வித்தியாசம் அளவில்: எனிவேர் உண்டாக்கும் உடைப்புகள் குறைந்தபட்ச அகலக் கணக்கில் சேரும், பிரேக்-வேர்டின் உடைப்புகள் சேராது. அதனால் எனிவேர் தனியாகவே போதும். ஆனால் நெருக்கமான விலைப்பட்டியல் டேபிளில் அதைப் போட்டால், பத்தி ஓரெழுத்து அகலத்துக்கு நசுங்கவும் கூடும். மின்-விட்த் 0, பிரேக்-வேர்ட் சேர்க்கையே பாதுகாப்பு என்பது என் கட்சி.

அப்போதும் ‘லிருந்/து’ என்று கண்ட இடத்தில் உடையும். தலைப்பு மாறாதது என்றால் ‘குறிச்சி’க்குப் பின் சாஃப்ட் ஹைஃபன் (சொல் அங்கே உடைந்தால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு) வைத்துவிடுங்கள்; தரையும் தானாக இறங்கும், படிக்கவும் நன்றாக இருக்கும்.

பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் (வெளியே நீள்வதை மறை) போட்டாலும் சுருங்கும். அது பெட்டியை ஸ்க்ரோல் கன்டெய்னர் (உள்ளடக்கத்தை உள்ளே நகர்த்தக்கூடிய பெட்டி) ஆக்கிவிடும்; அதற்குத் தரை பூஜ்யம் என்று ஸ்பெக் சொல்கிறது. சொல்லின் வால் வெட்டுப்படும், அவ்வளவுதான். ஓவர்ஃப்ளோ கிளிப் போட்டால் (இதுவும் வெட்டத்தான் செய்யும்) பெட்டி அப்படி ஸ்க்ரோல் கன்டெய்னர் ஆவதில்லை, அதனால் அது இங்கே உதவாது.

கிரிட்டுக்கு (கட்டங்களாக அடுக்கும் இன்னொரு சிஎஸ்எஸ் முறைக்கு) மாறினாலும் தப்ப முடியாது. மீதி இடத்தில் ஒரு பங்கு என்ற 1எஃப்ஆர் அளவின் குறைந்தபட்சமும் ஆட்டோதான். மின்மேக்ஸ் (குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சொல்லும் கட்டளை) போட்டு, குறைந்தபட்சத்தின் இடத்தில் 0 கொடுக்க வேண்டும்.