பழைய பைக்கில் செயின், ஸ்ப்ராக்கெட் மாற்றிய அனுபவம்

போன முறை செயினை மட்டும்தான் மாற்றினேன். செயின் ஓடும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட் இரண்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று விட்டுவிட்டேன். அந்தப் புதுச் செயின் 6,000 கிலோமீட்டர்கூட நல்லபடியாக ஓடவில்லை. டைட் வைத்த மறு வாரமே தொங்கியது, ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். அதனால் இந்த முறை மூன்றையும் சேர்த்தே மாற்றினேன்.

வண்டி 125 சிசி, 25 வயது தாண்டியது. 428 செயின், 116 லிங்க். முன்னால் 14 பல், பின்னால் 42. 428 என்பதில் முதல் எண்ணான 4, செயின் மூட்டில் இருக்கும் ஒரு பின்னுக்கும் (ஆணி) அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறது. எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. கடைசி இரண்டு எண்கள் அகலத்துக்கு. கிட் (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்) வாங்கும் முன் பழைய ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. இத்தனை வயதான வண்டியில் முன்பு யாராவது வேறு அளவு போட்டிருக்கலாம்.

கழற்றும் முன் அளந்தது

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் தூக்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் 15 மி.மீ. ஆட்டம், இன்னோரிடத்தில் 40. தொங்கும் இடத்தை மட்டும் பார்த்து டைட் வைத்தால், இறுகும் இடத்தில் செயின் கம்பி போல விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கையே இழுக்கும். இத்தனை நாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து 21 பின்களுக்கு இடையே, அதாவது 20 லிங்குக்கு, அளந்தேன். புதுச் செயினில் இது 254 மி.மீ. இருக்க வேண்டும். 259 வந்தால் மாற்றிவிடு என்கிறது என் வண்டியின் மேனுவல். எனக்கு ஓரிடத்தில் 257, வேறோர் இடத்தில் 261. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் சின்னக் குழாயான புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் 0.1 மி.மீ. தேய்ந்தாலே 116 மூட்டுக்கு 11.6 மி.மீ. எல்லா மூட்டும் ஒரே மாதிரி தேயாததால்தான் ஓரிடம் இறுகி ஓரிடம் தொங்குகிறது.

சனிக்கிழமை: ஒரு சின்ன போல்ட்

முன் ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்தால் உள்ளே மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து கெட்டியான கறுப்புக் களிமண். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலை இந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். கசிவு இருந்தால் மாற்ற இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. என்னுடையது காய்ந்திருந்தது.

என் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிய நட்டு பிடிப்பதில்லை. ஒரு பூட்டுத் தகடும் 10 மி.மீ. தலை கொண்ட இரண்டு சின்ன போல்ட்டும்தான். இவற்றைச் செயின் மாட்டியிருக்கும்போதே இளக்க வேண்டும். செயினைக் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட்டைச் சுழலாமல் பிடிக்க வழியில்லை. கியரில் போட்டு, பின் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். தம்பி மிதித்துக்கொண்டான். முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. ஸ்பானர் வழுக்குவது கையில் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். தலை உருண்டுவிட்டால் அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஆறு மூலை சாக்கெட்டைப் போட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் நாலைந்து தட்டு. முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பி, அப்புறம் இளக்கும் திசையில். டக்கென்று ஒரு சத்தம், விட்டுக்கொடுத்தது. தகட்டை ஷாஃப்ட்டின் பள்ளத்தில் அரைப் பல் திருப்பினால் கழன்று வந்துவிடும்.

பழைய முன் ஸ்ப்ராக்கெட்டைப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தேன். புதியதன் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவு. பழையதில் ஒவ்வொரு பல்லும் அரிவாள் நுனி போல ஒரு பக்கமாக வளைந்திருந்தது, பல்லுக்கு இடையே இருக்கும் பள்ளமும் அகன்றிருந்தது. போன முறை போட்ட புதுச் செயினின் ரோலர் இந்தப் பள்ளங்களில் சரியாக உட்காரவே முடிந்திருக்காது. சுமையை நாலைந்து பற்கள் பகிர்ந்துகொள்ளாமல் ஒன்றிரண்டே தாங்கினால் செயின் எத்தனை நாள் தாங்கும்? நல்ல செயினை நானே வீணாக்கியிருக்கிறேன் என்று மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பின் சக்கரத்தைக் கழற்றியதும், சக்கரத்தின் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் ஹப் ரப்பர்களைப் பார்த்தேன். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கல்லாகியிருந்தன. கியர் மாற்றும்போது வந்த டக் சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். அவற்றையும் மாற்றினேன். பின் ஸ்ப்ராக்கெட்டின் நான்கு நட்டுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, புதிய லாக் வாஷரின் காதுகளை மடக்கினேன். மடக்கி நிமிர்த்திய பழைய வாஷரை மறுபடி போடக்கூடாது, விரிசல் விட்டுவிடும்.

புதிய முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டில் பக்கவாட்டில் லேசாக ஆடியது. இந்த மாதிரி பூட்டுத் தகடு அமைப்பில் அது இயல்பு.

செயினின் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் உட்கார வைத்தால், முனைகளை இணைக்கும் லாக்கையும் அதைப் பிடிக்கும் கிளிப்பையும் போடுவது சுலபம், முனைகள் விலகிப் போகாது. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடுகிறது, எனவே அங்கே மூடிய பக்கம் முன்னால். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டு கிளிப் கழன்றுவிடலாம். மூன்று முறை பார்த்தேன். புதுச் செயினில் வந்திருக்கும் கிரீஸைக் கழுவவில்லை, ரோலருக்குள் இருப்பது அதுதான்.

சக்கரத்தை நேராக நிறுத்தும் அலைன்மென்ட்டுக்கு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பவில்லை. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சில் (சக்கர அச்சு) மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்தேன். கோடுகளின்படி வைத்திருந்தால் சக்கரம் 2 மி.மீ. கோணலாக நின்றிருக்கும். ஆட்டம் 25 மி.மீ. வைத்து (என் வண்டிக்கு 20 முதல் 30 வரை) ஆக்சிலை இறுக்கினேன். இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு, அதனால் மறுபடி பார்த்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். புதுச் செயின் நீளம் குறைவு என்பதால் சக்கரம் முன்னுக்கு வரும். டிரம் பிரேக் வண்டியில் அப்போது பிரேக் ராடு தளர்ந்து, பெடல் ஆழமாகப் போகும். பிரேக்கைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

300 கிலோமீட்டருக்குப் பிறகு

ஆட்டம் 25-லிருந்து 31-க்குப் போயிருந்தது. புதுச் செயின் முதலில் கொஞ்சம் படிவது வழக்கம்தான். மறுபடி 25-க்குக் கொண்டுவந்து, செயின் சூடாக இருக்கும்போதே உள்பக்கமாகச் செயின் லூப் (மசகு எண்ணெய்) அடித்தேன். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். ஓடும் செயினில் துணி வைத்துத் துடைத்து விரல் இழந்தவர்கள் உண்டு.

சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி எட்டு இடங்களில் அளந்தேன். குறைந்தது 24, அதிகம் 26. கடகட சத்தம் போய்விட்டது. மூன்றாவது கியரில் மெதுவாக ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் முன்பு வரும் உதறல் இல்லை. கிலோமீட்டர் கணக்கைக் கவரின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த அளவு 1,000-இல்.