ஒரு சாண் மலைகள்: ஜப்பானில் கல் பார்க்கப் போன கதை

பிப்ரவரியில் டோக்கியோ போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உயேனோ பூங்காவுக்குள் டோக்கியோ பெருநகரக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. வழக்கமாக அந்த மாதத்தில் அங்கே பெரிய போன்சாய்க் கண்காட்சி நடக்கும். அதை ஒட்டியே கற்களுக்கென்று தனியாக ஒரு கண்காட்சியும் உண்டு. கூட்டமெல்லாம் மரங்களுக்குத்தான். நான் போனது கற்களுக்காக.

சுய்செக்கி என்கிறார்கள். ஆற்றிலோ மலையிலோ இயற்கையாகக் கிடைத்த கல்லை, அதில் ஒரு நிலக்காட்சி தெரிகிறது என்பதற்காகவே எடுத்துவந்து, வைத்துப் பார்க்கிற கலை. பெரும்பாலும் இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுதான். நான் அதிக நேரம் நின்ற கல் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கன்னங்கரேலென்று இருந்தது. இடப்பக்கம் ஓர் உச்சி, அங்கிருந்து வலப்பக்கமாக இறங்கும் நீண்ட சரிவு, கடைசியில் ஒரு சிறு குன்று. சுய்பான் எனப்படும் ஆழமில்லாத தட்டில் மணல் பரப்பி, நடுவில் வைக்காமல் சற்றே ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் சரிவு இறங்கும் பக்கம் வெறும் மணல் அதிகம். நின்றபடி பார்த்தால் அது கல். குனிந்து, கண்ணைத் தட்டின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்ததும் மணல் கடலாகிவிட்டது, கல் அக்கரையில் போய் நின்றுகொண்டது. தோயாமா-இஷி, அதாவது தொலைமலைக் கல் என்ற வகை இது. அருவிக் கல், குளக் கல், மேட்டுநிலக் கல் என்று இன்னும் பல வகைகள் இருக்கின்றன. அருவிக் கல்லில் உச்சியிலிருந்து அடிவரை வெள்ளைக் கனிமக் கோடு ஓடும். அதுதான் அருவி.

கல் ரசனை சீனாவிலிருந்து வந்தது. சோங் அரச மரபுக் காலத்து எழுத்தோவியர் மி ஃபு ஒரு விசித்திரமான கல்லைக் கண்டு வணங்கி, ‘அண்ணா’ என்று அழைத்தாராம். சீனர்களுக்குத் துளை விழுந்த, முறுக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கிற கற்கள் மேல் ஆசை. ஜப்பானில் ஜென்னும் தேநீர்ச் சடங்கும் சேர்ந்து அந்த ரசனையை அடக்கமான பக்கம் திருப்பின. கருமை, அமைதியான கிடைக்கோடு, கண்ணைப் பறிக்காத மேற்பரப்பு. எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கிறது. கிஃபு மாகாணத்து நெயோதானியில் கிடைக்கும் செவ்வந்திப்பூக் கற்களும் புகழ்பெற்றவை. கல்லுக்குள் நிஜமாகவே பூப்பூவாகக் கனிமம் படிந்திருக்கும். ஆனால் அந்தப் பூ நன்றாகத் தெரிய மேலே தேய்த்து மெருகேற்ற வேண்டும். மெருகேறியதும் என் கண்ணுக்கு அது நகைக்கடைப் பொருளாகிவிடுகிறது.

கல்லைத் தொடலாமா கூடாதா என்பது இந்த உலகத்தின் பெரிய வழக்கு. தட்டையாக உட்கார வேண்டும் என்று அடிப்பாகத்தை அறுத்த கற்கள் ஜப்பானிலேயே நிறைய உண்டு. அறுத்தது சுய்செக்கியே அல்ல என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. டாய்ஸாவைப் பார்த்த பிறகு என் கட்சி இன்னும் உறுதியாகிவிட்டது.

டாய்ஸா என்பது கல்லுக்கென்று செதுக்கும் மரப்பீடம். கருங்காலி, ரோஸ்வுட் போன்ற மரங்களில் செய்கிறார்கள். கல்லின் அடிவிளிம்பை மரத்தில் வரைந்து, உளியால் கொஞ்சம் குடைந்து, கல்லை வைத்துப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி குடைந்து, இடைவெளியே தெரியாமல் கல் உள்ளே அமரும்வரை வேலை நடக்கும். பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே குட்டிக் கால்கள். கல்லின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் மரம்தான் வளைந்துகொடுக்கிறது. மனிதனின் திறமை முழுவதும் கல்லைச் சுற்றியே செலவாகிறது, கல்லின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. இந்தப் பணிவுதான் என்னை இந்தக் கலைக்குள் இழுத்தது.

ஓமியா போனது அடுத்து. உயேனோவிலிருந்து உட்சுனோமியா தடத்தில் ஏறி, ஓமியாவைத் தாண்டி அடுத்த நிலையமான தோரோவில் இறங்கினால் போன்சாய் அருங்காட்சியகம் நடக்கிற தூரம். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி வந்து 1925-இல் உருவாக்கிய போன்சாய்க் கிராமம் இந்தப் பகுதி. இங்கே குடியேறுகிறவர் குறைந்தது பத்து போன்சாய் வைத்திருக்க வேண்டும், யார் வந்தாலும் கதவைத் திறந்துவைக்க வேண்டும், மாடிவீடு கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும் என்று அப்போது விதி போட்டார்களாம். எவ்வளவு நல்ல விதிகள்!

அங்கே ஒரு தோட்டத்தில், மரங்களுக்கு இடையே பலகையில் கற்களும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தோட்டத்துப் பெரியவர் மரங்களுக்கு ஊற்றிய கையோடு கற்களுக்கும் தண்ணீர் ஊற்றினார். யோசெக்கி, கல் வளர்ப்பு. தண்ணீரும் வெயிலும் காற்றும் வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டுப் புதுக்கல்லின் கூர்மையான பளிச்சிடல் அடங்கி, மேலே ஓர் ஆழமான நிறம் ஏறும். “எத்தனை வருடம் ஐயா?” என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். ஒரு கல்லைக் காட்டி, “இது அப்பா ஆரம்பித்தது” என்றார். ஈரம் காயக் காய அதன் முகடுகள் முதலில் வெளுத்தன, பள்ளங்களில் மட்டும் கருமை தங்கியது. மழை விட்ட மலை அப்படித்தானே இருக்கும்?

கியோட்டோவில் கமோ ஆற்றங்கரையிலும் நடந்தேன். கமோகாவா கற்கள் சேகரிப்பாளர்கள் மத்தியில் பெரிய பெயர் பெற்றவை. வடக்கே குராமா, கிபுனே கற்களும் அப்படியே. 1960-களில் கல் மோகம் நாடெங்கும் பரவி ஆறுகளைச் சலித்துவிட்டார்கள். இன்று நல்ல கல் பெரும்பாலும் கைமாறித்தான் வருகிறது. நான் எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது.

நகோயா வழியாகப் போகிறவர்கள் தொக்குகாவா அருங்காட்சியகத்தின் காட்சி அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். ‘கனவின் மிதக்கும் பாலம்’ என்ற கல் அங்கேதான் இருக்கிறது. ‘கெஞ்சியின் கதை’ (கெஞ்சி மோனோகதாரி) என்ற பழைய ஜப்பானிய நாவலின் கடைசி அத்தியாயத்தின் பெயர் அது. 14-ஆம் நூற்றாண்டில் கோ-தைகோ பேரரசர் அரண்மனையை விட்டுத் தப்பியோடியபோதும் அந்தக் கல்லைக் கூடவே கொண்டுபோனார் என்பது மரபு. எல்லா நாளும் அதைக் காட்சிக்கு வைப்பதில்லை, நான் போன சமயம் காட்சியில் இல்லை. ஓமியா அருங்காட்சியகத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.