சிங்கப்பூர் ஈசூனில், எங்கள் வீட்டில் தக்காளி வற்றல்: மூன்றாவது முயற்சி

ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மதியத்தில் அடுப்படியில் நிற்கவே முடிவதில்லை. தயிர் சாதமும் தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதாவது ஒன்றும் இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. அந்த ஒன்று அம்மா போடும் தக்காளி வற்றலாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது இது.

முதல் முறை, தேக்கா சந்தையில் ஒரு கிலோ கேமரன் மலைத் தக்காளி வாங்கி, வட்டமாக அரிந்து, உப்புப் பிசிறி, மூங்கில் தட்டில் பரப்பிச் சன்னலோரம் வைத்தேன். காலை முழுவதும் நல்ல வெயில். இரண்டு மணிக்கு இடியும் மழையும். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலை விளிம்புகளில் வெள்ளையாகப் பூஞ்சணம், லேசான புளித்த வாடை. மேலாகச் சுரண்டிவிட்டு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும். ஒரு கிலோவும் குப்பைக்குப் போனது.

விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “வெயில் மட்டும் காய வைக்காதும்மா, காற்றும் சேர்ந்துதான் காய வைக்கும். உங்கள் ஊர்க் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கிறதே” என்றார். எத்தனை சரியான பேச்சு! அங்கே மொட்டைமாடியில் மூன்று நாளில் சருகாகிவிடுவது, இங்கே மூன்று நாளில் அழுகிவிடுகிறது.

இரண்டாவது முறை மின் அடுப்பில் (ஓவனில்), 140 டிகிரியில் வைத்தேன். ஓரம் கருகியது, நடு ஈரமாகவே நின்றது. அவசரப்பட்டதுதான் தவறு. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அதை விரட்ட நிதானம் வேண்டும்.

மூன்றாவது முறைக்கு வாங்கிய பழங்கள் காம்புப் பக்கம் இன்னும் பச்சையாக இருந்தன. குளிர்பதனப் பெட்டியில் வைக்கவில்லை. குளிரில் பழுப்பதும் நின்றுவிடும், மணமும் போய்விடும். ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு மூன்று நாள் வைத்தேன், செக்கச்செவேலென்று வந்துவிட்டது.

அரை விரல் கனத்தில் ஒரே சீராக அரிந்தேன். உப்புப் போட்டு அரை மணி நேரம் சாய்த்து வைத்ததில் ஒரு தம்ளர் சாறு இறங்கியது. பிறகு 100 டிகிரி. ஆவி வெளியேற அடுப்பின் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவைத்தேன். வீடு சூடாகக் கூடாது என்று இரவு பத்து மணிக்கு மேல்தான் அடுப்பைப் போட்டேன். கூடவே விழித்திருந்து இரண்டு மணிக்கு ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் போட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒடியவில்லை, தோல் போல மடங்கியது. அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. ஒரு கிலோவுக்குச் சுமார் 90 கிராம் கிடைத்தது. வீடெல்லாம் அம்மாவின் மாடி வாசனை.

பொரிக்கும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும். தக்காளியின் சர்க்கரை சட்டென்று கருகிக் கசந்துவிடும். போட்டதும் எடுக்க வேண்டும்.

இறங்கிய சாற்றை வீணாக்காதீர்கள். விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் சதையைவிட ருசி அதிகம். நான் அதை அன்றே ரசத்தில் ஊற்றினேன். உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனியாகப் போடவில்லை. இன்னொன்று: வற்றலைப் பச்சைப் பூண்டோடு எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்க வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெயில் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. என் வற்றல் எண்ணெய் இல்லாமல், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில், குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தேன். மாலையில் அதே கிண்ணத்தில் சம்பல் பிளாச்சான், அதாவது மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து இடித்த துவையல், வந்தது. புட்டியில் இனி இரண்டு வேளைக்குத்தான் இருக்கிறது. சனிக்கிழமை தேக்காவில் இரண்டு கிலோ வாங்கப் போகிறேன்.