பழவேற்காட்டுக் கல்லறையும் நைனாவோட கைலியும்

தடாவுல இருக்கிற எங்களுக்கு பழவேற்காடு ஏரின்னா மீனு, நண்டு, இறா அவ்ளோதான். அந்த ஏரிக்குத் தெக்குக் கோடியில அதே பேர்ல ஒரு ஊர் இருக்குன்னு தெரியும், ஆனா போன ஞாயித்துக்கிழமதான் நைனாவைக் கூட்டிக்கிட்டு சூலூர்பேட்டை லோக்கல் ட்ரெயின்ல ஏறி பொன்னேரியில இறங்கி அங்கேர்ந்து பஸ் புடிச்சுப் போனேன்.

டச்சுக் கல்லறை வாசல்லயே ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்குது, விலா எலும்பை ஒண்ணொண்ணா எண்ணலாம் போல. உள்ள போனா பெரிய பெரிய கல்லு, எழுத்தைக் குழியா வெட்டாம சுத்தியிருக்கிற கல்லைச் செதுக்கி எடுத்துட்டு எழுத்தை மேல எழும்பி நிக்க வச்சிருக்காங்க. நைனாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, குந்தினு விரலால தடவித் தடவிப் பாத்தாரு. 'ஹியர் லைட் பெக்ராவன்'னு நான் படிச்சேன், இங்க அடக்கம் பண்ணியிருக்குன்னு அர்த்தம். 300 வருசத்துக்கு மேல உப்புக்காத்து அடிச்சும் எழுத்து இன்னும் விரலுக்குத் தட்டுப்படுது, எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.

1613ல இங்க கெல்ட்ரியான்னு கோட்டை கட்டியிருக்காங்க, 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைமை. எல்லாம் துணிக்காகத்தான். கிழக்குத் தீவுங்கள்ல கிராம்பு, ஜாதிக்காய் வாங்கணும்னா அங்க இருந்தவங்க நம்ம பக்கத்துத் துணியைத்தான் கேட்டாங்க. இன்னைக்கும் மலாய்க்காரங்க கட்டுற கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்'னு பேரு, பெலிகாட்ங்கறது புலிகாட், அதாவது பழவேற்காடு! நைனா இடுப்புல அன்னைக்குக் கட்டியிருந்ததும் அதேதான், பினாங்குல இருக்கிற அத்தை அனுப்பினது.

ஆனா துணி மட்டும் போகல. பஞ்சத்துல வித்துப்போன நம்ம ஜனங்களையும் அடிமையா கப்பல்ல ஏத்தி பத்தாவியாவுக்கு, இப்ப ஜகார்த்தான்னு சொல்றாங்களே அங்க, கொண்டு போயிருக்காங்க. துணி வாங்கினவங்களுக்கும் வித்தவங்களுக்கும் இவ்ளோ அழகா கல்லு இருக்கு, தறியில உக்காந்தவனுக்கும் கப்பல்ல போனவனுக்கும் ஒரு செங்கல்லு கூட இல்லையேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

கோட்டைல அகழிதான் தெரியுது, உள்ள ஒரே முள்ளுக்காடு. அதை வெட்டி ஒரு நடபாதை மட்டும் போட்டாக்கூட எவ்ளோ புள்ளைங்க வந்து பாக்கும்.

சாயங்காலம் படகுத்துறையில நின்னு அத்தைக்கு வீடியோ கால் போட்டோம். "தங்கச்சி, நீ அனுப்புன கைலி இந்த ஊர்லேர்ந்து போனதாம்மா"ன்னு நைனா கத்துறாரு. அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அங்க இன்னும் தறி ஓடுதாண்ணா?"ன்னு கேட்டாங்க. நைனா பதில் சொல்லாம போனை ஏரிப் பக்கம் திருப்பிக் காட்டினாரு, படகும் காயப்போட்ட வலையும்தான் தெரிஞ்சுது.