மழைக்கும் பில்லுக்கும் சம்பந்தமில்லை

மலைநாட்டில் நல்ல மழை. மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நீர்மின்சாரம் கூடும். அதற்கு எரிபொருள் செலவே இல்லை. பிறகேன் கொழும்பு வெள்ளவத்தையில் கரண்ட் பில் அசையவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. நியாயமான கேள்விதான்.

நீர்மின், நுரைச்சோலை நிலக்கரி, இரவு உச்சநேரத்தில் ஓடும் எண்ணெய் மின்நிலையங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு யூனிட்டின் செலவு வேறு. நமக்கு வருவதோ பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கும் கட்டணம். அடுத்த திருத்தம் வரை அதற்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. கம்பி, மின்மாற்றி, வழியில் வீணாகும் மின்சாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள், 2023 பெப்ரவரியில் 66. அப்புறம் குறைத்தார்கள், சரி. 2025 ஜூனில் மறுபடி 15.

எனக்கு எரிச்சல் மாதம் 60 யூனிட் என்ற அந்த எல்லைதான். அதுவரை ஒரு கணக்கு. 61 ஆனதும் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. ஒரு ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர், இரண்டு ஃபேன். கொழும்பு வெக்கையில் 60க்குள் எப்படி நிற்பது? எங்கள் வீட்டுக்காரர் இப்போது சேர்ட்டை அயர்ன் பண்ணாமலே வேலைக்குப் போகிறார், கேட்டால் சிக்கனமாம்.

உங்கள் வீட்டில் எத்தனை யூனிட்?